வாழ்க்கையே சாட்சி

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

‘அன்றாட வாழ்க்கையில் கிறிஸ்தவச் சாட்சி’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். நான் வேதாகமக் கல்லூரியில் பயின்றவன் அல்லன். அரசுப் பள்ளியில் வருகைப் பதிவேட்டோடும் கரும்பலகையோடும் காலம் கழித்தவன். மேலும், நம் சங்கத்தில் கிறிஸ்தவர் அல்லாத உறுப்பினர்களும் இருக்கிறார்கள். ஒரே தெருவில், ஒரே பாட்டனுக்குப் பிறந்த வழியில், ஒரு வீட்டில் சிலுவையும் அடுத்த வீட்டில் விளக்குமாடமும் இருக்கின்றன. ஆகவே அவர்களும் கேட்டுப் பயன்கொள்ளும் வகையில் பேச முயல்கிறேன். அரசு ஊழியன் என்ற முறையில் பள்ளியில் நான் மதம் பேசுவதில்லை, பேசவும் கூடாது. குறித்த நேரத்தில் வகுப்புக்குப் போவதும், விடைத்தாளை நேர்மையாகத் திருத்துவதும், கடைசி வரிசைப் பிள்ளையையும் பெயர் சொல்லி அழைப்பதுமே அங்கு நான் சொல்லக்கூடிய சாட்சி.

‘சாட்சி’ என்ற சொல் நமக்குப் புதியதன்று. கடன் பத்திரத்தின் கீழே சாட்சிக் கையெழுத்து இடுகிறோம். நீதிமன்றத்தில் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்கிறோம். சாட்சி சொல்பவன் தான் கண்டதைச் சொல்ல வேண்டும். அழைக்கும்போது வர வேண்டும். அதனால் நட்டம் நேர்ந்தாலும் சொல்லை மாற்றக் கூடாது. புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் சாட்சியைக் குறித்த சொல்லே பின்னாளில் இரத்தசாட்சியையும் குறிப்பதாயிற்று. சாட்சிக்கு ஒரு விலை உண்டு என்பதை அந்தச் சொல்லே காட்டுகிறது. அந்த விலையைக் கொடுப்பவர் யார் என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

நம் மண்ணின் வரலாற்றிலிருந்தே தொடங்குவோம். 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் சீகன்பால்கு வந்திறங்கினார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அங்கேயே அச்சாகி முடிந்தது. அந்த நூலின் ஒரு படி தஞ்சை மன்னரின் படையில் சேவகம் செய்த ஒருவர் கைக்குக் கிட்டியது. அவர் பெயர் இராஜநாயக்கன். 1700-ஆம் ஆண்டில் பிறந்தவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். நம்மவர், பறையர் குலத்தவர். தாமே அந்நூலைப் படித்து, தரங்கம்பாடிச் சபையில் சேர்ந்து, படைச் சேவகத்தை விட்டு, தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக ஊழியம் செய்தார். உழைப்பிலும் அறிவிலும் அவரை மிஷனரிமாரே பாராட்டினார்கள்.

1733-இல் ஆரோன் என்பவர் இந்தியருள் முதல் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். 1741-இல் இரண்டாவது குருவைத் தேர்ந்தெடுக்க வேண்டிய வேளை வந்தபோது, இராஜநாயக்கனின் பெயரும் எழுந்தது. ஆனால் குருப்பட்டம் தியோகு என்பவருக்கே கிடைத்தது. ஏன் தெரியுமா? பறையர் ஒருவர் கையால் திருவிருந்து கொடுக்கப்பட்டால் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் மனம் சுளிப்பார்கள் என்று மிஷனரிமார் அஞ்சினார்கள். அதன் பிறகும் 30 ஆண்டுகள் அவர் உபதேசியாராகவே ஊழியம் செய்து, 1771-இல் மறைந்தார்.

இளைஞர்களே, இந்த வரலாற்றில் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. பட்டமும் மேடையும் இல்லாமலே ஒரு மனிதர் தம் வாழ்வால் சொன்ன சாட்சி ஒன்று. எல்லாரும் ஒரே பந்தியில் அமர வேண்டிய திருவிருந்தையே சாதிக்கு அஞ்சிய ஒரு சபை சொன்ன சாட்சி மற்றொன்று. ஊரார் இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாம் வாய் திறந்தாலும் திறக்காவிட்டாலும் நம் வாழ்க்கை பேசிக்கொண்டே இருக்கிறது. அது மெய்ச்சாட்சியா பொய்ச்சாட்சியா என்பதே கேள்வி.

இராஜநாயக்கன் பொறுத்துக்கொண்டார் என்பதற்காக நாமும் அநீதியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நற்குணம் என்றால் அடங்கிக் கிடப்பது என்று நம்மவருக்கு நெடுங்காலம் போதிக்கப்பட்டது. அது தவறான போதனை. இதை எனக்குக் கற்பித்தவர் எழுத்தறியாத என் தந்தையார்.

என் தந்தையார் காவிரிப் பாசனத்தில் ஒரு மிராசுதாரின் நிலத்தில் பண்ணையாளாய் உழைத்தவர். நான் சிறுவனாய் இருந்தபோது ஓர் அறுவடை நாள். களத்துமேட்டில் கூலி நெல்லை அளந்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா அதை மறுபடி அளந்து பார்த்தபோது ஒரு மரக்கால் கூடுதலாய் இருந்தது. கணக்கப்பிள்ளை எண்ணிக்கையில் தவறிவிட்டார். தந்தையார் அந்த ஒரு மரக்கால் நெல்லைத் துண்டில் கட்டிக்கொண்டு, இருட்டில் களத்துக்குத் திரும்பப் புறப்பட்டார். அம்மாவுக்குக் கோபம். “நம்மகிட்ட எத்தனை தடவ கொறைச்சு அளந்திருப்பாங்க! அதையெல்லாம் திருப்பிக் கொண்டாந்து கொடுத்தாங்களா?” என்றார்கள். தந்தையார் சொன்ன பதில் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: “அவங்க அளவு அவங்களோட. நம்ம அளவு நம்மளோட.”

இதைக் கேட்டு அவரை அடிமைக்குணம் கொண்டவர் என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். அடுத்த ஆண்டே கூலி உயர்வு கேட்டு வயலில் இறங்க மறுத்தவர்களில் அவரும் ஒருவர். கீழ்வெண்மணி நடந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, உலகமெங்கும் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய அந்த இரவில், நம்மவர் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து மாண்டார்கள். கூலி கேட்பது எத்தகைய செயல் என்பதை அறிந்தே என் தந்தையார் வரப்பில் அமர்ந்தார். பேச்சுவார்த்தை நடந்தபோது, எத்தனை ஆள், எத்தனை நாள், எத்தனை மரக்கால் என்ற கணக்கில் தகராறு எழுந்தது. அப்போது அதே கணக்கப்பிள்ளை, “இந்த ஆள் சொல்ற கணக்க எழுதிக்குங்க, சரியா இருக்கும்” என்றாராம். ஒரு மரக்கால் நெல் அன்றைக்குத் தெரு முழுவதற்கும் சாட்சி சொல்லிற்று. நாணயமும் உரிமைப் போராட்டமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை நான் அங்கேதான் கற்றேன். நாணயம் உள்ளவன் கேட்கும் உரிமையை எதிரியாலும் எளிதில் தட்ட முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாய் இருக்கிறது. ஆயினும் இந்த மேடையில் சொல்லாமல் போவது முறையன்று. நம் தெருவுக்கும் அப்பால், ஊர் எல்லையில், நமக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் குடும்பம் ஒன்று இருந்தது. மாலையில் அவர்கள் வீடு வீடாய் வந்து சோறு வாங்கிப் போவார்கள். மேல்தெருச் சிறுவர்கள் என் தந்தையாரை ‘டேய்’ என்று அழைத்தபோதெல்லாம் எனக்கு நெஞ்சு எரியும். அதே நான், 60 வயதைக் கடந்த அந்த வண்ணார் பெரியவரை, “ஏய், இங்க வா” என்று ஒருநாள் அழைத்தேன். எனக்கு அப்போது வயது 10 இருக்கும். தந்தையார் காதில் அது விழுந்துவிட்டது. அவர் என்னை அடிக்கவில்லை. அன்று மாலையே என் கையைப் பிடித்து அந்தப் பெரியவரின் குடிசைக்கு அழைத்துச் சென்றார். வாசலில் நிறுத்தி, “தாத்தான்னு கூப்பிடு” என்றார். கூப்பிட்டேன். பெரியவர் பதறி எழுந்துவிட்டார். “எதுக்குங்க இதெல்லாம்” என்றார். தந்தையார் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அந்த ஒரு குவளைத் தண்ணீரைப் பற்றி எங்கள் தெருவில் ஒரு மாதம் பேசினார்கள். ஞாயிறுதோறும் ஆலயத்தில் கேட்ட பிரசங்கங்களில் எத்தனை என் நினைவில் நிற்கின்றன? அந்தத் தண்ணீர் நிற்கிறது.

நம்மை ஒடுக்கியவர்களைப் பற்றிப் பேசும்போது நம் குரல் ஓங்குகிறது. அது நியாயமே. ஆனால் நமக்கும் கீழே ஒருவரை வைத்துக்கொண்டு சமத்துவம் பேசினால் நம் குரலை யார் நம்புவார்கள்? துப்புரவுப் பணி செய்யும் அருந்ததியர் வீட்டில் நாம் கை நனைப்போமா? அவர்கள் வீட்டுப் பெண்ணை மருமகளாய் ஏற்போமா? கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கொரு பகுதி பிரித்த சபைகள் இந்நாட்டில் உண்டு. அவற்றைக் கண்டிக்கும் தகுதி நமக்கு வேண்டுமானால், முதலில் நம் திண்ணையைத் திறந்து வைப்போம். வீட்டுக்குள்ளும் அப்படியே. மேடையில் அண்ணல் அம்பேத்கரின் பெயரைச் சொல்லிவிட்டு, இரவில் குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனின் சாட்சியை அவன் பிள்ளைகளே ஏற்கமாட்டார்கள். ஆண்பிள்ளைக்கு ஆங்கிலப் பள்ளியும் பெண்பிள்ளைக்கு அடுப்படியும் என்று பிரிப்பவனின் கதையும் அதுவே.

இப்போது நம் சமுதாயத்தின் மிகக் கடினமான இடத்துக்கு வருகிறேன். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ‘மதம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. என் தந்தையார் என்னை முதல் வகுப்பில் சேர்த்தபோது, “என்ன மதம்?” என்று கேட்டார்கள். “நாங்க வேதம்” என்றார் அவர். அந்தக் கட்டத்தில் கிறிஸ்தவன் என்று எழுதப்பட்டது. அந்த ஒரு சொல்லின் விலை அவருக்கு அன்று தெரியாது.

உங்களில் பலருக்குத் தெரியும். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்ற நிலையைப் பெரும்பாலும் இந்து சமயத்தவருக்கு மட்டுமே உரியதாக்கிற்று. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கும் திருத்தம் வரவில்லை. நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் இந்த மத வேறுபாட்டை நீக்கப் பரிந்துரைத்தது. 2022-இல் நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு மற்றோர் ஆணையத்தை அமைத்தது. 2023-இல் தமிழ்நாடு சட்டமன்றம் நமக்கு ஆதரவாய்த் தீர்மானம் நிறைவேற்றியது. நம் மாநிலத்தில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவருக்குக் கல்வி உதவித்தொகை கிடைக்கிறது. ஆனால் கல்லூரி இடத்திலும் வேலையிலும் நாம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் போட்டியிடுகிறோம். சாதியின் பெயரால் அடிபட்டாலும் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடிவதில்லை. சேரியும் மாறவில்லை, வசவும் மாறவில்லை. கட்டத்தில் ஒரு சொல் மட்டும் மாறியிருக்கிறது.

ஆகவே நம்மவரில் பலர் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கும், திங்கட்கிழமை இந்து என்ற சான்றிதழுக்கும் போகிறார்கள். அவர்கள்மீது கல்லெறிய நான் இங்கு நிற்கவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவராய் வாழ்ந்துகொண்டே இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று உரிமை கோருவதை ஏற்க இயலாது என்று தீர்ப்பளித்தது. சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனால் பசித்தவனை அப்படிப்பட்ட இரண்டு வாழ்க்கைக்குத் தள்ளியது யார் என்ற கேள்வியை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு நான் எட்டு ஆண்டுகள் காத்திருந்தேன். என்னோடு படித்த, என் தெருவிலேயே பிறந்த நண்பர் இந்துவாய்ப் பதிந்திருந்தார். அவர் நான்கு ஆண்டுகள் முன்னதாகவே ஆசிரியரானார். அவரிடம் எனக்கு வருத்தமில்லை. அவர் பெற்றது அவருடைய உரிமை. தந்தையார் இதை எப்படியோ கேள்விப்பட்டார். ஓர் இரவு, “அன்னைக்கு நான் ஒரு வார்த்தைய மாத்திச் சொல்லியிருந்தா உனக்கு முன்னமே வேலை கெடைச்சிருக்குமாப்பா?” என்று கேட்டார். “இல்லப்பா” என்றேன். வாய்மையைப் பற்றிப் பேச அழைக்கப்பட்ட இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன்: நான் சொன்னது பொய். வள்ளுவப் பெருந்தகை அதை மன்னித்துவிடுவார் என்று நம்புகிறேன்.

2016-ஆம் ஆண்டு. பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த நேரம். விவசாயக் கூலி வேலை செய்யும் ஒரு தாய் தம் மகளோடு என் அறைக்கு வந்தார். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வருவதற்குள் மதத்தை மாற்றிவிடலாம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அது என் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உண்மையாய் இருப்பதன் மேன்மையைப் பற்றி அவருக்கு ஒரு சிறு பிரசங்கமும் செய்தேன். அந்தத் தாய் பொறுமையாய்க் கேட்டார். பிறகு கேட்டார்: “சரிங்கய்யா. உண்மையாவே இருக்கோம். நாளைக்கு எம் பொண்ணுக்கு எடம் கெடைக்கலேன்னா நீங்க என்ன செய்வீங்க?”

எனக்கு விடை கூறத் தெரியவில்லை. அதுவரை நான் இந்தச் சங்கத்துக்கு ஆண்டுச் சந்தா செலுத்துவதோடு கடமை முடிந்தது என்று இருந்தவன். உண்மையின் மேன்மையை நான் பேசினேன். அதன் விலையை அந்தப் பெண் கொடுக்க வேண்டும். இது என்ன நியாயம்? என் தந்தையார் நெல்லைத் திருப்பிக் கொடுத்தபோது தம் வீட்டு நெல்லைத்தான் கொடுத்தார். நானோ அடுத்த வீட்டு நெல்லை அளந்து கொடுத்துவிட்டு, நல்லவன் என்று பெயர் வாங்க நினைத்தேன்.

அந்தக் கேள்வியைச் செயற்குழுவில் வைத்தேன். அன்று நம் உறுப்பினர்களான ஆசிரியர்கள் நால்வர் முன்வந்து தொடங்கியதே இன்று நடைபெறும் மாலை வகுப்பு. அந்த மாணவி முதல் அணியில் இருந்தார். அரசுக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். தனியார் கல்லூரியில் செவிலியர் படிப்பில் சேர்ந்தார். உதவித்தொகைக்கு மேல் ஆன செலவில் ஒரு பகுதியைச் சங்கம் ஏற்றது. மீதிக்கு அந்தத் தாய் தம் காதுத் தோட்டை விற்றார். இன்று அந்தப் பெண் ஒரு மருத்துவமனையில் பணியாற்றுகிறார். நிரந்தரப் பணி இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம் மாலை வகுப்பில் அமர்ந்து பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தருகிறார்.

நான் சொல்ல விரும்புவது இதுதான். சாட்சியைத் தனிமனிதர் தலையில் மட்டும் சுமத்திவிட்டு, சபையும் சங்கமும் ஒதுங்கி நிற்கக் கூடாது. ஒருவர் உண்மையாய் வாழ முயலும்போது அதனால் வரும் நட்டத்தை நாம் அனைவரும் பங்கிட்டுக்கொண்டால், அதுவே ஊர் காணும் சாட்சி. மலைப்பிரசங்கத்தில் நம் ஆண்டவர் உப்பை உவமை கூறினார். ஒற்றை உப்புக்கல் ஓர் உலைக்குப் போதாது. ஒரு கைப்பிடி வேண்டும்.

எனவே உறுப்பினர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சந்தாவோடு நிற்காதீர்கள். பணம் இல்லாதவர் வாரம் ஒரு மாலையைத் தாருங்கள். கணக்குத் தெரிந்தவர் கணக்கைத் தாருங்கள்; தையல் தெரிந்தவர் தையலைத் தாருங்கள். மாலை வகுப்பில் புதிரை வண்ணார் பிள்ளையும் அருந்ததியர் பிள்ளையும் நம் பிள்ளையோடு ஒரே பாயில் அமரட்டும். நம் உரிமைக்கான மனுவில் கையெழுத்திட அழைக்கும்போது தயங்காமல் வாருங்கள்; ஏனெனில் அந்தக் கட்டத்தில் எந்தச் சொல்லை எழுதினாலும் ஒரு பிள்ளையின் வாழ்வு கெடாத நாள் வந்தே ஆக வேண்டும்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வாங்கிய கடனைச் சொன்ன நாளில் கொடுங்கள். சங்கத்தில் உதவி பெற்றவர் அதை மறவாமல் இன்னொருவருக்குத் திருப்புங்கள். வயதில் மூத்தவர் யாராயினும், எந்தத் தெருவினராயினும், மரியாதையோடு அழையுங்கள். அநியாயத்தின்முன் நிமிர்ந்து நில்லுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது உங்கள் மடியில் பிறர் நெல் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தந்தையார் தம் பெயரை எழுதத் தெரியாமல் கைநாட்டு வைத்தே வாழ்ந்து மறைந்தார். அவர் மகன் இன்று பதிவேட்டில் கையெழுத்திடுகிறான். இடும்போதெல்லாம், அந்தக் கைநாட்டுக்கு இருந்த மதிப்பு என் கையெழுத்துக்கு இருக்கிறதா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.